அம்மித் துறை

ஆனைமடுவில் ஆறு மேற்கே பார்த்து ஓடத் தொடங்கிய காலையில் உலகம்மாள் கீழத்தெருத் துறையில், செத்துப்போன தன் தாயாரின் அம்மிமேல் நின்று ஒரு போர்வையை அலசிக்கொண்டிருந்தாள். சோப்பு நுரை எப்போதும் அவளுடைய இடது கைப்பக்கம், கடலிருக்கும் திசைக்குப் போகும். அன்றைக்கு அது கொஞ்ச நேரம் அவள் முழங்காலைச் சுற்றியே நின்று யோசித்துவிட்டு, வலது கைப்பக்கம் திரும்பி, சுடுகாட்டைக் கடந்து, மேலத்தெருத் துறையையும் கோயில் துறையையும் கடந்து, அரமனைத் துறையின் கல்மண்டபத்தைப் பார்க்க அவசரமில்லாமல் போயிற்று. உலகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அங்கிட்டுப் போகணும்னு தோணியிருக்கு, போகட்டும் என்று சொல்லிக்கொண்டு போர்வையையும் அந்தத் திசைக்கே விரித்து அலசினாள்.

அந்த ஊரில் யார் யாருக்கு மேலே என்பதை அதுவரை ஆறுதான் சொல்லிக்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து வரும் தண்ணீர் முதலில் அரமனைத் துறையில் இறங்கும். ஜமீன் போய், யானை போய், பல்லக்குப் போய், கல்யாண ஜோடிகள் படம் பிடித்துக்கொள்ள வாடகைக்கு விடும் மாளிகையாக அரமனை ஆகிவிட்ட பிறகும் முதல் தண்ணீர் அதற்குத்தான். அரமனை குளித்த தண்ணீர் கோயில் துறைக்கு வரும், கோயில் துறையைத் தொட்ட தண்ணீர் மேலத்தெருவுக்கு வரும், மேலத்தெரு குளித்து, துவைத்து, மாடு கழுவிய தண்ணீர் சுடுகாட்டு ஓரமாக வந்து ஊராருடைய சாம்பலையும் வாங்கிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் கடைசியில் கீழத்தெருவுக்கு வரும். கீழத்தெருவில் பிறந்த பிள்ளைகள், தங்களுக்கு முன்பின் தெரியாத பெரிய மனிதர்களின் சாம்பலில் வாய் கொப்பளித்து வளர்ந்தார்கள்.

அந்தத் துறைக்குப் படி கிடையாது. சுடுகாட்டுக்குக் கிழக்கே ஆற்றில் படிக்கல் விழக்கூடாது என்பது அரமனையின் பழைய உத்தரவு. கீழத்தெருப் பெண்கள் அதை மீறவில்லை. தேய்ந்து முறம்போல ஆகிவிட்ட தங்கள் அம்மிகளைக் கொண்டுவந்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதித்தார்கள். அம்மி அடுப்படிச் சாமான், அதை யாரும் கல் என்று கணக்கில் எடுக்கவில்லை. அப்படியே ஒரு தலைமுறை அம்மி, அதன்கீழ் இன்னொரு தலைமுறை அம்மி என்று தண்ணீருக்குள் இறங்கி ஒரு துறை உண்டாகிவிட்டது. மேலே கிடப்பது மாடத்தி அம்மி, அடுத்தது பூவாத்தாள் அம்மி, கடைசியாக, கோடையில் மட்டும் தலைகாட்டுவது உலகம்மாளின் தாயார் பேராச்சியின் அம்மி. உலகம்மாள் கல்யாணமாகி பம்பாய்க்குப் போய், தாராவியில் இட்லி அவித்து விற்று, பிள்ளைகளை அங்கேயே கட்டிக்கொடுத்துவிட்டு, புருஷன் போனபிறகு ஊர் திரும்பியவள். வந்த அன்றைக்கு வீட்டைத் திறப்பதற்கு முன்னால் ஆற்றில் இறங்கி, காலால் துழாவி, அந்த அம்மி கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

ஆறு திரும்பிய செய்தி ஊருக்குள் சாப்பாட்டு நேரத்துக்குள் பரவிவிட்டது. பொதுப்பணித்துறையிலிருந்து ஒரு இன்ஜினியர் ஜீப்பில் வந்து, ஒரு வேப்பிலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டு, அது மேற்கே போவதைப் பார்த்து, காற்று அப்படி அடிக்கிறது என்றார். காற்று இல்லையே சார் என்றார்கள். நின்னபிறகு பாருங்க என்று சொல்லிவிட்டுப் போனார். கிழக்கேயிருந்து வந்த தண்ணீரில் உப்பு இல்லை, அயிரை மீன் இருந்தது, அயிரைக்கு அதே ருசியும் இருந்தது. அரமனைக்கும் மேற்கே, பாலத்தடியில், ஊருக்குப் பெயர் கொடுத்த அந்த மடுவில் அது பழைய மேற்குத் தண்ணீரைச் சந்தித்து, இரண்டும் சண்டை சச்சரவில்லாமல் ஒன்றாக உள்ளே இறங்கிக்கொண்டன. எங்கே போயின என்று கேட்கத்தான் ஆள் இல்லை. ஊருக்கு வேறு கவலைகள் வந்துவிட்டன.

முதல் கவலை குருக்களுக்கு. அபிஷேகத்துக்குத் தண்ணீர் எடுப்பதென்றால் யாரும் கால் வைக்காத முதல் தண்ணீரை எடுக்கவேண்டும், அது இனிமேல் அம்மித் துறையில் இருந்தது. பிச்சுக் குருக்கள் இரண்டு நாள் சாமியைக் கிணற்றுத் தண்ணீரில் சமாளித்துவிட்டு, மூன்றாம் நாள் உச்சிவெயிலில், தெருவில் ஆள் இருக்காது என்று நம்பி, பித்தளைக் குடத்தோடு சுடுகாட்டு வழியாக வந்தார். தெரு முழுக்க இருந்தது.

"சாமி, வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டாள் சுடலி. உலகம்மாளுக்கு நாத்தனார், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். "இல்ல, சுடுகாட்டுக்கு வந்தவரு அப்படியே கூடுதலா நாலு எட்டு வச்சுட்டியளா?"

"ஏம்மா, நானா ஆத்தைத் திருப்பினேன்?" என்றார் குருக்கள், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "எந்தக் கல்லுல நின்னு மொள்றது?"

"அது கல்லு இல்ல சாமி, பூவாத்தா பெரியம்மை அம்மி. நல்லா நில்லுங்க. அவ யாரையும் வழுக்கி விட்டதில்ல."

குருக்கள் நின்றார். மறுநாளும் வந்தார். நாலைந்து நாளில், அம்மியில் நின்று மொண்டால் குடம் சீக்கிரம் நிறைகிறது என்று சொல்லத் தொடங்கினார். ஐப்பசி கழிவதற்குள் கீழத்தெருக்காரர்கள் அவருக்கு ஒதுங்கி வழி விடுவதை மறந்துபோனார்கள், அவரும் அதை எதிர்பார்க்க மறந்துபோனார்.

மேலத்தெருவுக்குக் கவலை சாம்பலாக வந்தது. இப்போது கீழே எரிகிறவர்கள் மேலே போனார்கள். முதல் பிணத்துக்கு மேலத்தெருப் பெண்கள் குளிக்கமாட்டோம் என்று குடத்தைக் கவிழ்த்துவைத்துக்கொண்டு கரையில் நின்றார்கள். இரண்டாவதுக்குப் புடவைத் தலைப்பை வடிகட்டியாகப் பிடித்து மொண்டார்கள். மூன்றாவது தங்கள் சொந்தத் தெருவின் மாமனாராகவே இருந்தபோது, அந்த மனுசன் உசிரோட இருந்தப்பவும் இப்படித்தான் குறுக்கே குறுக்கே வருவாரு என்று சொல்லிவிட்டுக் குளித்தார்கள்.

ஊர் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்குப் பழகிக்கொண்டது. பழகாதவர் ஒருவர்தான்: அரமனையின் மார்த்தாண்டத் துரை.

அழுக்குத் தண்ணீர் அவருக்குப் பெரிய விஷயமில்லை. உள்ளே நீலச் சலவைக்கல் பதித்த நீச்சல் குளம் இருந்தது. அவருக்குப் பெரிய விஷயம் தைப்பூசம். பூசத்தன்று சாமி தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு வரும், சூலத்தை முதல் தண்ணீரில் முக்கி எடுத்ததும், அந்தத் தண்ணீரில் கால் நனைத்து நிற்பவர் தலையில் குருக்கள் பட்டுப் பரிவட்டம் கட்டுவார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் துரை துரையாக இருப்பார். மற்ற நாளெல்லாம் அவரும் வாடகைக்கு விடுகிறவர். அவருடைய பாட்டனாரின் பாட்டனார், பக்கத்து ஜமீனோடு மரியாதைத் தகராறு வந்தபோது, இனி ஒருவனும் வாய் திறக்கக்கூடாது என்று துறை மண்டபத்தின் உத்தரக்கல்லில் பெரிய பெரிய எழுத்தாகச் செதுக்கிவைத்திருந்தார்: *இவ்வூர் எல்லைக்குள் தலைத்தண்ணீர் எத்துறையில் இறங்குமோ அத்துறையார்க்கே முதல் பரிவட்டம்.* தன் பெயரைச் செதுக்கியிருக்கலாம். ஆனால் தண்ணீரும் தானும் வேறு என்று அவருக்குத் தோன்றவில்லை, அந்தப் பரம்பரையில் யாருக்குமே தோன்றியதில்லை. இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அந்தக் கல்லைச் சத்தமாக வாசித்துவிட்டுக் கிழக்கே பார்த்துச் சிரித்தார்கள்.

மார்கழியில் ஒரு நாள் துரை கீழத்தெருவுக்கு வந்தார். அரமனையிலிருந்து ஒருவர் அந்தத் தெருவுக்கு வருவது அதுவே முதல் தடவை என்பதால் எங்கே உட்காரச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது.

"பழையதெல்லாம் எதுக்கு? காலம் மாறிப்போச்சு," என்றார் துரை. "அரமனைத் துறையை நீங்க எடுத்துக்கங்க. முப்பாட்டன் கட்டுன மண்டபம், கருங்கல் படி, பொம்பளைக துணி மாத்த அறை, எல்லாம் உங்களுக்கு. இந்தத் துறையை எனக்குக் குடுங்க. நான் கல் போட்டுக் கட்டிக்கிடுதேன்."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுடலி உலகம்மாளின் இடுப்பைக் கிள்ளினாள். "மைனி, அறையாம்ல. கதவு இருக்கும்லா அதுக்கு? ஈரச் சேலையைச் சுத்திக்கிட்டு ஓடி ஓடி எனக்குக் காலு ரெண்டும் வளைஞ்சு போச்சு."

"இந்த அம்மியெல்லாம்?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"அதை என்ன செய்ய? ஜேசிபி வச்சு வாரிப் போட்டுரலாம். வேணும்னா அவங்கவங்க அம்மியை எடுத்துட்டுப் போங்க பிள்ள. நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்?"

"துரை, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. ஆறு இன்னும் பழையபடிதான் ஓடுதுன்னு வைங்க. இதே நாற்காலியில வந்து உக்காந்து இதே பேச்சுப் பேசியிருப்பியளா?"

துரை சிரித்தார். "பம்பாய் வாயில்லா."

"பம்பாய் வாயிதான். குழாயடியில வருசக்கணக்கா வரிசையில நின்ன வாயி. பின்னால நிக்கிறவ குடத்தை வாங்கி முன்னால வைக்கேன்னு யாராவது அன்பாப் பேசினா, தண்ணி பின்னாலயிருந்து வரப்போகுதுன்னு அர்த்தம். மண்டபத்தை நீங்களே வச்சுக்கங்க."

துரை எழுந்தார். கூட்டத்தில் இருந்த ஆண்கள், அவர் போனபிறகு, உலகம்மாளிடம் கோபித்துக்கொண்டார்கள். சுடலியும் இரண்டு நாள் பேசவில்லை. கதவு வைத்த அறை அவள் கனவில் வந்துகொண்டிருந்தது.

பூசத்துக்கு முந்தின வாரம், கேட்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று ஜேசிபியே நேராக வந்துவிட்டது. மஞ்சள் வண்டி சுடுகாட்டு மேட்டில் ஏறி, கையைத் தூக்கிக்கொண்டு அம்மித் துறையைப் பார்க்க வந்தபோது உலகம்மாள் ஓடிப்போய், மிக்சி வந்தநாளிலிருந்து வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்த குழவியை எடுத்தாள். ஒரு சுளகு நிறைய வற்றல் மிளகாயையும் எடுத்தாள். ஆற்றில் இறங்கி, தண்ணீருக்கு மேலே இருந்த மாடத்தி அம்மியில் மிளகாயைப் போட்டுத் தண்ணீர் தெளித்து அரைக்க உட்கார்ந்துவிட்டாள்.

வண்டிக்காரப் பையன் பீகார்ப் பக்கத்தவன். ஹாரன் அடித்துப் பார்த்தான். உலகம்மாள் நிமிராமல், தாராவிக் குழாயடி இந்தியில், "பந்த் கர் ரே! உன் அம்மா சட்னி அரைக்கிற கல்லுமேல வண்டி ஏத்துவியா நீ?" என்று கத்தினாள். பையன் தன் பாஷையில் தன் அம்மாவைப் பற்றிய கேள்வியை அந்த ஊரில் எதிர்பார்க்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி, செருப்பைக் கழற்றினான்.

அதற்குள் தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே சாத்திக்கொண்டன. முட்டுக் கொடுத்திருந்த குழவிகளெல்லாம் ஆற்றுக்கு வந்துகொண்டிருந்தன. முதலில் வந்தவள் சுடலி.

"கதவு கதவுன்னு கெடந்தேன், இப்ப என் வீட்டுக் கதவே நிக்க மாட்டேங்கு," என்று சொல்லிக்கொண்டே அடுத்த படியில் உட்கார்ந்தாள். "தள்ளு மைனி. மிளகா மட்டும் வச்சு என்ன கொழம்பு வைக்கப்போற? மல்லி கொண்டாந்திருக்கேன்."

வயதானவர்களும் வந்தார்கள், வந்து ஒரு வருஷமாகாத மருமகள்களும் வந்தார்கள், அம்மி எப்படி அரைப்பது என்றே தெரியாதவர்களும் வந்து தெரிந்தவர்களைப் பார்த்து அரைத்தார்கள். மிளகாய் அரைத்தார்கள், மல்லி அரைத்தார்கள், சீரகம் அரைத்தார்கள், அரைத்த கையை ஆற்றில் அலம்பினார்கள், அலம்பிய தண்ணீர் செந்நிறமாக எழுந்து மேற்கே பார்த்து நடந்தது. சுடுகாட்டைக் கடந்தபோது அங்கே இரண்டு நாய்கள் தும்மின. மேலத்தெருத் துறையில் பெண்கள் ஒரு கை அள்ளி முகர்ந்து, மல்லி கொஞ்சம் கூடிப்போச்சு என்றார்கள். அரமனைத் துறையில் அந்த நேரம் வெளியூர் மாப்பிள்ளை ஒருவன் பெண்ணைக் கையில் ஏந்திக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று காமிராவைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தான். புன்னகை முதலில் உறைந்தது, பிறகு கலைந்தது, பிறகு அவன் பெண்ணைப் போட்டுவிட்டு ஓடினான். பின்னாலேயே பெண்ணும் ஓடினாள். அவர்கள் போட்ட கூச்சல் கீழத்தெரு வரைக்கும் கேட்டது.

"பாவம்ட்டி," என்றாள் உலகம்மாள்.

"பாவந்தான்," என்றாள் சுடலி, இன்னும் ஒரு கை மிளகாயை எடுத்து வைத்துக்கொண்டு.

அன்றைக்குப் போன ஜேசிபி திரும்பி வரவில்லை. பூசம் வந்தது.

சாமி அந்த வருஷம், வரலாற்றில் இல்லாத வழியாக, மேளத்தோடு சுடுகாட்டைத் தாண்டி வந்தது. கீழத்தெருவில் கோலம் போட இடமில்லாமல் கூரைமேல்கூட மாவு தெளித்திருந்தார்கள். துரை பட்டு வேட்டியில், ஆட்களோடு, விடியும் முன்பே வந்து மேல் அம்மியில் நின்றுவிட்டார். உலகம்மாள் அவர் பக்கத்தால் இறங்கி, அம்மி அம்மியாகக் கீழே போய், இடுப்பு முங்கத் தண்ணீரில் பேராச்சி அம்மிமேல் நின்றுகொண்டாள். கிழக்கேயிருந்து வருகிற தண்ணீர் முதலில் அவளைத்தான் தொட்டது. குருக்கள் சூலத்தை முக்கி எடுத்தார், பரிவட்டத்தைத் தட்டிலிருந்து எடுத்தார், துரையைப் பார்த்தார், உலகம்மாளைப் பார்த்தார். அவர் கை நடுவில் நின்றது.

அப்போது சூலத்திலிருந்து விழுந்த செவ்வந்தி மாலை, மேற்கே போய்க்கொண்டிருந்தபோதே நின்றது. ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு, மறந்து வைத்த ஒன்றை எடுக்கப் போவதுபோலத் திரும்பிக் கிழக்கே போயிற்று. அதன் பின்னாலேயே நுரையும், வேப்பிலையும், தண்ணீரும் போயின. மேற்கிலிருந்து, அரமனை கழுவிய தண்ணீர் பழைய வழியில் வந்து உலகம்மாளின் முதுகில் மோதியது.

துரை வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியா பிள்ள? ஆத்துக்கே தெரியுது. குருக்களே, பரிவட்டத்தை எடுத்துட்டு வாரும், நம்ம துறைக்குப் போவோம். அடிங்கடா மேளத்தை!"

மேளம் திரும்பியது, சாமி திரும்பியது, கூட்டமும் தயங்கித் தயங்கித் திரும்பியது. கீழத்தெரு மட்டும் அங்கேயே நின்றது.

"அவ்வளவுதான் மைனி," என்றாள் சுடலி. "பழையபடி சாம்பத் தண்ணி. ஆசைகாட்டிட்டுப் போயிட்டு."

உலகம்மாள் மூச்சைப் பிடித்து முங்கினாள். தண்ணீருக்குள் அவள் வெகுநேரம் இருந்தாள். குமிழிகள் வந்தன, சேறு வந்தது, கடைசியில் அவளும் வந்தாள், தாயாரின் அம்மியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு.

"மைனி! உனக்கு என்ன கிறுக்கா?"

"துரைதான சொன்னாரு, அவங்கவங்க அம்மியை எடுத்துட்டுப் போங்கன்னு. சும்மாடு கொடுட்டி."

சுடலி முந்தானையைச் சுருட்டி அவள் தலையில் வைத்தாள். அம்மி ஏறியது. உலகம்மாள் கரையேறி மேற்கே நடந்தாள். சுடலி ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுக் குனிந்து பூவாத்தா அம்மியைப் பெயர்த்தாள். பிறகு ஒவ்வொருத்தியும் தன் தாயாருடையதை, மாமியாருடையதை, பெயர் மறந்துபோன யாரோ ஒருத்தியுடையதைப் பெயர்த்தெடுத்து, முடிந்தவர்கள் தனியாகவும் முடியாதவர்கள் இரண்டிரண்டு பேராகவும் சுமந்து, தலையிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சொட்டச் சொட்ட, சுடுகாட்டைக் கடந்து, மேலத்தெருவைக் கடந்து, கோயில் துறையைக் கடந்து நடந்தார்கள். ஒரு துறை முழுவதும் கரையில் ஏறி நடந்துபோவதை அந்த ஊர் அன்றைக்குப் பார்த்தது.

"எங்க போடப்போறோம் மைனி? அரமனைக்கும் மேக்கவா?" பின்னாலிருந்து சுடலி கத்தினாள்.

"மேக்க போட்டா நம்ம அழுக்கு மேலத்தெருவுக்குப் போவும். நாளைக்கு அவங்களும் கல்லைத் தூக்கிக்கிட்டு நமக்கு மேக்க வருவாங்க. பிறவு ஊரே பாலம் வரைக்கும் சுமக்கணும். எனக்குக் கழுத்து தாங்காது."

"பின்ன?"

உலகம்மாள் அரமனைத் துறை மண்டபத்துக்குள் நுழைந்தாள். துரை கடைசிக் கருங்கல் படியில் கால் நனைத்து நின்றுகொண்டிருந்தார், தலையைக் கொஞ்சம் குனிந்து, பரிவட்டத்துக்காக. அவள் அவருக்குப் பக்கத்தில், அதே படியில், இடைவெளி விடாமல் அம்மியை இறக்கி வைத்தாள். தண்ணீர் தெறித்து அவர் பட்டு வேட்டியில் விழுந்தது.

"ஏய்! இது எங்க துறை!"

"அப்படி எங்க இருக்கு துரை?" உலகம்மாள் அம்மிமேல் ஏறி நின்று, மேலே உத்தரக்கல்லைக் காட்டினாள். "நானும் படிச்சவதான். தண்ணி பேருதான் இருக்கு. உங்க பேரு இல்லையே."

துரை மேலே பார்த்தார். அவர் வாசித்து முடிப்பதற்குள் சுடலியின் அம்மி அவருக்கு மறுபக்கத்தில் இறங்கியது, அதற்கு அடுத்தது இறங்கியது, அடுத்தது இறங்கியது. கரையில் நின்ற மேலத்தெருப் பெண்களில் ஒருத்தி, அம்மி சுமந்து தள்ளாடிய ஒரு கிழவிக்கு ஒரு பக்கம் கைகொடுக்க இறங்கினாள். இறங்கியவள் திரும்பி ஏறவில்லை. ஏறிப் போகச் சொல்லத் துரைக்கு வாய் இருந்தது, தள்ளிவிட ஆள்களும் இருந்தார்கள். ஆனால் கீழத்தெருவில் பிறந்த அந்த ஆள்கள், தங்கள் அம்மா கையால் தேய்ந்த கல் எது என்று படியில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பிச்சுக் குருக்கள் கையில் பரிவட்டத்தோடு நின்றார். நேரம் போய்க்கொண்டிருந்தது. சாமி காத்திருந்தது. கடைசியில் அவர் படியிறங்கி வந்து, துரையையும் பார்க்காமல் உலகம்மாளையும் பார்க்காமல், "கொஞ்சம் காலை எடும்மா," என்றார். அவள் காலை எடுத்தாள். குருக்கள் குனிந்து, அந்தப் பட்டைப் பேராச்சி அம்மியின் தேய்ந்த நடுவில் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"கல்லுக்குக் கட்டினா யாரும் ஏன்னு கேக்கமாட்டா," என்று முணுமுணுத்தார்.

"கல்லு இல்ல சாமி," என்றாள் சுடலி.

மேளம் தானாகத் தொடங்கியது. எல்லாரும் இறங்கினார்கள். குளித்தார்கள், துவைத்தார்கள், ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்தார்கள், அறையில் யார் முதலில் துணி மாற்றுவது என்று சுடலி கதவருகே நின்று சண்டை போட்டாள். இடமில்லாமல் நின்ற துரையைப் பார்த்து, யாரோ ஒரு பெண் தன் அம்மியில் பாதி ஒதுங்கி, நில்லுங்க, வழுக்காது என்றாள். ஆறு அன்றைக்கு எந்தப் பக்கம் ஓடியது என்று யாரும் பார்க்கவில்லை.